குடிக்காத இருவர் எழுதிய விஸ்கி அட்டைகள்

பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டேன். போத்தலைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, உள்ளே விஸ்கி எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில், லேபிளின் ஓரமாக ஒரு மெல்லிய கோடு போட்டேன். கோடு எனக்குத் தெரிய வேண்டும். தேடாதவர் கண்ணில் படக்கூடாது. அழித்து இன்னொரு தடவை போட்டேன்.

குளியலறையில் அப்பா என் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது மாதப் பிள்ளை. தண்ணீரைக் கையால் அடிக்கும் சத்தம் கூடம் வரை கேட்டது.

"தாத்தா மூஞ்சில அடிக்கிறியா? அடி, அடி. உங்கம்மா வந்து ரெண்டு பேரையும் ஏசப்போறா."

அவள் கெக்கெக்கென்று சிரித்தாள். நான் போத்தலைச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், பழைய குக்கருக்குப் பின்னால் தள்ளிவைத்துவிட்டு, என்னவோ திருடியவள் மாதிரி கை கழுவினேன்.

அப்பா என் பள்ளிக்காலம் முழுவதும் குடித்தவர். அம்மா இறந்த பிறகும் குடித்தவர். என் மகள் எலீனா பிறந்த அன்று நிறுத்தினார். அதற்கு முன் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "குடிச்சிட்டு எம்புள்ளையத் தூக்காதீங்கப்பா."

ஒன்பது மாதமாகத் தூக்குகிறார். நான் வேலைக்குப் போகும் மதியங்களில் பினாங்கில் எங்கள் ஜெலுத்தோங் பிளாட்டில் அவளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அந்தக் கோட்டுக்குக் கீழே விஸ்கி இறங்கினால், பிள்ளையை இனி அவரிடம் விட முடியாது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது.

குடியை விட்ட மனிதர் இருக்கும் வீட்டுக்கு விஸ்கிப் போத்தல் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். கொண்டுவந்தவள் நான்தான். இந்த அத்தியாயத்தை அப்பாவிடம் படித்துக்காட்டி, சம்மதம் வாங்கித்தான் அனுப்புகிறேன். ஒரு வரியை வெட்டச் சொன்னார், வெட்டிவிட்டேன். ஒரு பெயரைச் சேர்க்கச் சொன்னார், அது பின்னால் வரும்.

ஹெதர் என்றால் என்ன?

பிள்ளை பிறப்பதற்கு முன் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தற்காலிக ஆசிரியை. பிறந்த பிறகு முழுநேர வேலை முடியவில்லை. ஜார்ஜ் டவுனில் ஒரு மதுபானக் கடையில் வாரத்துக்கு மூன்று மதியம் வேலை கிடைத்தது. கடைக்காரர் சீனர். எல்லாரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். போத்தல்களுக்கு முன்னால் நிற்கிற சின்ன அட்டைகளை எழுதுவது என் வேலை. இந்த விஸ்கியில் என்ன வாசனை வரும், நாக்கில் என்ன தெரியும், விழுங்கிய பிறகு என்ன நிற்கும் என்று மூன்று நான்கு வரி.

இறக்குமதி செய்பவர்கள் ஒரு தாள் அனுப்புவார்கள். ஹெதர் பூத்தேன், உலர்ந்த ஆப்ரிகாட், பழைய தோல் நாற்காலி, பீட் புகை என்று எழுதியிருக்கும். முதல் நாள் நான் அதைச் சுருக்கி, அழகான ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அங்கிள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். பாதி மலாய், பாதி ஆங்கிலத்தில் அவர் சொன்னது இது:

"ஹெதர்னா என்னா? நீ பாத்திருக்கியா?"

"இல்ல அங்கிள்."

"நானும் பாத்ததில்ல. வாங்க வர்ற ஆளும் பாத்ததில்ல. பினாங்கு ஆளுக்குப் புரியற மாதிரி எழுது லா."

"நான் குடிச்சதே இல்ல அங்கிள். இப்ப பிள்ளைக்குப் பால் வேற குடுக்கிறேன்."

"உன்னை யாரு குடிக்கச் சொன்னா? எழுதத்தானே சொன்னேன்."

இது சரியா தவறா என்று என் கணவர் ராபர்ட்டிடம் கேட்டேன். புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை ஷிப்டு முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மோந்து பாத்து எழுது. மூக்குக்குப் போதை ஏறாது" என்றார். மோந்து பார்த்தேன். ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் கையில் தேய்க்கும் பஞ்சு. எல்லாப் போத்தலிலும் அதே பஞ்சு. அதை அட்டையில் எழுத முடியாது.

தேங்காய் மட்டைப் புகை

ஒரு மதியம் அந்தத் தாளைச் சத்தமாகப் படித்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அது, பீட்டு?"

"ஒரு வகை மண்ணுப்பா. காயவெச்சு எரிப்பாங்களாம். அந்தப் புகை விஸ்கியில ஏறுமாம்."

"மண்ணையா எரிக்கிறானுங்க? அது தேங்கா மட்டைப் புகைம்மா. கொசுவுக்குப் போடுவோம்ல. எழுது."

நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதினேன்.

அவர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அப்புறம் ஜாதிக்காய். பச்சை இல்ல, சீனியில ஊறவெச்சது. அப்புறம், மழை வர்றதுக்கு முன்னாடி படகுத்துறைப் பலகை ஒரு வாடை அடிக்கும் பாரு, அது. கடைசியில உப்பு. அந்த உப்புப் பழம், அசாம்பொய், அதோட கொட்டையச் சப்பிக்கிட்டே இருந்தா கடைசியில நிக்குமே, அந்த உப்பு."

அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். வேலை முடிந்தால் படகுத்துறைப் பக்கம் ஒரு கடைக்குப் பின்னால் கூட்டாளிகளோடு உட்கார்ந்துவிடுவார். அவர் குடித்தது பெரும்பாலும் மலிவான சரக்கு. விஸ்கியெல்லாம் கல்யாணத்தில்தான். ஆனால் அவர் பேசும்போது எனக்கு வாய் ஊறியது. அவர் சொல்லி முடித்ததும் போய் அந்த விஸ்கியின் மாதிரிப் போத்தலை மோந்து பார்த்தேன். பஞ்சு இல்லை. ஜாதிக்காய் வந்தது. நிஜமாகவே வந்தது.

பால் கொடுக்கும் ஒருத்தியும் குடியை விட்ட ஒருவரும் சேர்ந்து இப்படியே பதினான்கு அட்டைகள் எழுதினோம். அப்பா ஒரு தடவைகூடப் போத்தலைக் கேட்கவில்லை. நான் தாளைப் படிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அம்மா போன பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை இது ஒன்றுதான். அதனால்தான் நிறுத்தத் தோன்றவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அப்போது, வேலை நன்றாக நடக்கிறது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

"நல்ல நாக்கு உனக்கு"

கடைக்கு வாடிக்கையாக வரும் கப்பல் எஞ்சினியர் ஒருவர் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அங்கிள் அவருக்குச் சின்ன கிளாசில் ஊற்றிக் கொடுத்தார். எஞ்சினியர் குடித்துவிட்டு, "விஸ்கி லா. வேற என்ன?" என்றார். பிறகு அட்டையை எடுத்துப் படித்தார். இன்னொரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"ஆமா. அசாம்பொய்." என்னைப் பார்த்தார். "யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"நல்ல நாக்கு உனக்கு."

நன்றி சொன்னேன். அந்த நன்றிக்காக எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அதற்கும் பிறகு ஒன்று நடந்தது. அங்கிள் அலமாரியைத் துடைத்தபோது இரண்டு அட்டைகளை மாற்றி வைத்துவிட்டார். ஒரு வாரம் யாருக்கும் தெரியவில்லை. மட்டைப் புகை என்று எழுதிய அட்டை, புகையே இல்லாத ஒரு விஸ்கிக்கு முன்னால் நின்றது. அதை வாங்கிப்போன ஒருவர் திரும்பி வந்து, "அந்தப் புகை வாசனை இருக்கே, அது இன்னொண்ணு குடுங்க" என்று கேட்டார். அங்கிள் சிரித்துச் சிரித்து இருமினார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நாம ஏமாத்துறோமா அங்கிள்?"

"யாரு ஏமாந்தா? அவருக்குப் புகை கிடைச்சுதா இல்லையா?"

எனக்கு என் மகளின் நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது. அவளுக்கு எந்த உணவு பிடிக்கும், எது பிடிக்காது என்று தேதி வாரியாக எழுதுகிறேன். 'மீன்: பிடிக்காது' என்று ஒரு நாள் எழுதினேன். அதற்குப் பிறகு மீன் ஊட்டும்போதெல்லாம் என் கை பாதி வழியிலேயே தயங்கியிருக்க வேண்டும். அவள் முகத்தைத் திருப்புவாள். அப்பா அந்த நோட்டைப் படித்ததில்லை. ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்தபோது கெம்போங் மீனை முள் பார்த்துச் சோற்றில் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறந்துகொண்டு அடுத்த வாய்க்குக் காத்திருந்தாள். நான் நோட்டில் அந்த வரியை அடிக்காமல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்.

புதுச் செருப்பு

சின்ன வயதிலிருந்தே அப்பாவைப் பற்றி என்னிடம் ஓர் அட்டை இருந்தது. அதை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அவர் கண் சிவந்திருந்தால் குடி. மெதுவாகப் பேசினால் குடி. வேகமாகப் பேசினால் அதுவும் குடி. என் பட்டமளிப்பு நாளன்று மண்டபப் படிக்கட்டில் அவர் தடுமாறி விழப்போனார். என் தோழிகளின் பெற்றோர் பார்த்தார்கள். நான் போய்ப் பிடிக்கவில்லை. வேறு பக்கம் திரும்பி, யாருடனோ படம் எடுத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க அவர் குடியைத் தொட்டதே இல்லை, எனக்காகப் புதுச் செருப்பு வாங்கிப் போட்டிருந்தார், அது வழுக்கிவிட்டது என்று அம்மா ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள். அன்று அவர் பக்கத்தில் நின்றபோது எனக்கு வாடை அடித்ததாக நான் சத்தியம் செய்திருப்பேன்.

கோட்டுக்குக் கீழே

கோடு போட்ட அன்று புதன்கிழமை. சனிக்கிழமை கடையில் வாடிக்கையாளர்களை அழைத்து ருசி பார்க்கும் நிகழ்ச்சி. அதற்காக ஒரு விஸ்கிக்குப் பெரிய அட்டை எழுதச் சொல்லி, திறந்த போத்தலையே அங்கிள் கொடுத்தனுப்பினார். அதுவரை தாள்களும், கட்டைவிரல் அளவு மாதிரிப் போத்தல்களும்தான் வீட்டுக்கு வந்திருந்தன. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது மூன்று தடவை நினைத்தேன், திரும்பிப் போய்க் கொடுத்துவிடலாம் என்று.

கோடு போட வைத்தது போத்தல் மட்டும் இல்லை. அதே விஸ்கிக்கு நாங்கள் எழுதி, அச்சடித்து வந்த சின்ன அட்டையை அன்று காலை அப்பா மேசையிலிருந்து எடுத்து, உதடு அசையப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் கிளம்பும்போது அலமாரியில் கைவிட்டுப் போத்தலை எடுத்தேன். கோட்டுக்குக் கீழே அரை விரல் அகலம் இறங்கியிருந்தது.

அப்பா எலீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். அருகில் வந்ததும் எனக்கு வாடை அடித்தது.

"பிள்ளையக் குடுங்கப்பா."

என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். பிள்ளையைக் கொடுத்தார். அவள் அவர் சட்டைப் பொத்தானை விட மறுத்தாள். விரலைப் பிரித்து எடுத்தேன்.

"எப்ப குடிச்சீங்க?"

"குடிக்கல."

"நான் கோடு போட்டு வெச்சிருக்கேன்."

"தெரியும். பென்சில் கோடு. பாத்தேன்."

"பாத்துட்டுமா?"

"பாத்துட்டுத்தான்மா அப்படியே விட்டேன். அந்தக் காலமா இருந்தா தண்ணிய ஊத்தி மட்டத்த ஏத்தியிருப்பேன். உங்கம்மாகிட்ட அப்படித்தானே பண்ணுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "அப்ப விஸ்கி எங்க போச்சு?" என்றேன்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மூலைகள் மடங்கியிருந்தன.

"இதுதான்மா. இத்தன மாசம் அந்த நெனப்பு வரலன்னு சொன்னா பொய். வரும், போயிடும். நீ அச்சடிச்சுக் கொண்டாந்தே பாரு, அதப் படிச்சதும் தாங்கல. நான் சொன்னதுதான். ஆனா இங்கிலீசுல பாத்தா யாரோ பெரிய மனுசன் சொன்ன மாதிரி இருந்துச்சு. இவ்வளவு நல்லதையா விட்டுட்டோம்னு ஆயிடுச்சு."

எலீனாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"வியாழக்கிழமை பாப்பா தூங்குறப்ப எறக்கினேன். குடிக்கலாம்னுதான் எறக்கினேன், பொய் சொல்ல மாட்டேன். ஒரு மூடி ஊத்தி மூக்குக்கிட்ட கொண்டு போனேன். ஒண்ணுமே இல்லம்மா."

"ஒண்ணுமே இல்லன்னா?"

"ஜாதிக்காய் இல்ல. மட்டைப் புகை இல்ல. வெறும் ஸ்பிரிட்டு. சரியா மோக்கலையோன்னு இன்னொரு மூடி ஊத்தினேன். அப்புறம் இன்னொண்ணு. உள்ளங்கையில தேச்சுக்கூடப் பாத்தேன்." கையை விரித்துக் காட்டினார். "அப்பதான் ஞாபகம் வந்துச்சு. ஜாதிக்காய என் கூட்டாளி மணியம் கொண்டு வருவான், பாலேக் பூலாவ்லேருந்து, டப்பாவுல. மட்டைய எரிச்சது அந்தப் படகுத்துறைக் கடைக்காரன், எங்க கால்ல கொசு கடிக்கக் கூடாதுன்னு. பலகை நாங்க உக்காந்திருந்தது. எல்லாம் மேசையைச் சுத்தி இருந்துச்சு. நான் கிளாசுக்குள்ள இருந்துச்சுன்னு நெனச்சிட்டேன். அட்டையில இருக்கிறது போத்தல்ல இல்லம்மா."

"ஊத்தினத என்ன பண்ணீங்க?"

"சிங்க்ல விட்டேன். சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் பாப்பாவத் தூக்கினேன்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு அந்தப் பக்கமே போகல."

"இப்ப வாடை அடிச்சுதேப்பா."

அந்தக் காலத்தில் அப்பா வீட்டுக்கு வந்தால் அம்மா கிரில் கதவைத் திறக்காமல் நின்று, "ஊதுங்க" என்பாள். அவர் கம்பி வழியாக ஊதுவார். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்லை நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்று பள்ளிக்கூட வயதில் முடிவு செய்திருந்தேன். இப்போது அது நாக்கின் நுனியில் நின்றது.

நான் சொல்வதற்குள் அவரே எழுந்து வந்து, குனிந்து, என் முகத்தில் ஊதினார்.

ரஸ்க் வாசனை. பிள்ளை சப்பிவிட்டு மிச்சம் வைத்ததை அவர்தான் தின்பார், எறிய மாட்டார். ரஸ்க், கொஞ்சம் பால். அதற்குக் கீழே வேறு ஏதாவது இருக்கிறதா என்று மூச்சை இழுத்துத் தேடினேன். ரஸ்க்தான். ரஸ்க்தான் இருந்ததா, ரஸ்க் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனா என்று கேட்டால், தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு முன் அதே வாயிலிருந்து விஸ்கி அடித்ததும் இதே மூக்குக்குத்தான்.

பிறகு ஒரு நாள் காலிப் போத்தல் ஒன்றில் மூன்று மூடித் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரை விரலுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ராபர்ட்டிடம் சொன்னேன். "உன் விரலா, என் விரலா?" என்று கேட்டார்.

ஐந்து மணி அழைப்பு

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பக்கத்து வீட்டில் விடலாம், லீவு சொல்லலாம், பிள்ளையைக் கடைக்கே தூக்கிப் போகலாம். எல்லாவற்றையும் யோசித்தேன். அப்பா கையை நீட்டவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். எலீனாதான் அவர் பக்கம் சாய்ந்தாள்.

கொடுத்தேன்.

"நாலு மணிக்குப் போன் பண்ணுவேன். அஞ்சுக்கும் பண்ணுவேன்."

"வீடியோல பண்ணு. மூஞ்சியையும் பாத்துக்க."

"அப்படி இல்லப்பா."

"அப்படித்தான். பண்ணு. எனக்கும் அது நல்லது."

போத்தலைப் பையில் போட்டுக்கொண்டேன். அட்டையையும் கேட்டேன். கொடுத்தார். "மணியம் பேரு இதுல இல்லையே" என்றார். இங்கே போட்டுவிட்டேன்: ஊறவைத்த ஜாதிக்காயைப் பாலேக் பூலாவிலிருந்து கொண்டுவந்தவர் மணியம்.

கடையில் இருபது பேர் இருந்திருப்பார்கள். நான்கு மணிக்கு அழைத்தேன். திரை முழுக்க எலீனாவின் மூக்கு. பின்னால் அப்பாவின் குரல், "போன நக்காத, போன நக்காத." அங்கிளிடம், இனிமேல் போத்தல் எதையும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டேன், என் வீட்டில் அப்பா குடியை விட்டவர் என்றேன். அதுவரை சொன்னதில்லை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "முன்னாடியே சொல்ல மாட்டியா?" என்றார். "தாளு மட்டும் கொண்டு போ. இல்ல, தாளும் வேணாம். இங்கேயே உக்காந்து எழுது."

ஐந்து மணிக்கு அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை.

எனக்கு என்னைத் தெரியும். வழக்கமாக இருந்தால் அந்த நேரத்தில் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வாடகைக் காரைப் பிடிக்க ஓடியிருப்பேன். மனசு 'குடி' என்ற வார்த்தையை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தது. அந்த வார்த்தையை வைத்துவிட்டால் மற்ற எல்லாம் அதற்கேற்ற மாதிரி தெரியத் தொடங்கும். மூடியில்லாத போத்தல், அழும் பிள்ளை, தரையில் படுத்த மனிதர், எல்லாம்.

தூங்குகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது, எஞ்சினியர் திரும்பிப் பார்த்தார். இன்னும் நாற்பது நிமிடம் நின்று கிளாஸ்களைக் கழுவி அடுக்கினேன். பிள்ளையை வைத்து நான் எடுத்த முடிவுகளில் எது சரி என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றியும் நிச்சயமில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. கிரில் பூட்டியிருந்தது, உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம். சாவியை மெதுவாகத் திருப்பினேன். கூடத்தில் பாயில் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா மல்லாந்து, வாய் லேசாகத் திறந்தபடி. எலீனா குறுக்கே, ஒரு கால் அவர் வயிற்றின் மேல். போன் சோபாவில் கிடந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், அப்பாவின் முகத்துக்கு அருகே குனிந்தேன். பாதியில் நின்றேன். மகளின் காலிலிருந்து நழுவிக் கிடந்த துணியை இழுத்துப் போர்த்திவிட்டு நிமிர்ந்தேன்.